ஒரு வெள்ளி நாற்பது

மே முப்பத்தொன்று. இரவு பதினொன்றேகால்.
யீஷூனில் பத்தாவது மாடி.
துணி உலர்த்திய மூங்கில் கழிகளை உள்ளே இழுத்துவிட்டு
வங்கியிலிருந்து இறக்கிய கோப்பைக்
கணக்கு மென்பொருளுக்கு ஊட்டுகிறேன்.
நூற்றுப் பதினெட்டு வரிகள்.
கொஞ்சம் மென்றுவிட்டுத் துப்புகிறது:
தேதி புரியவில்லை.

நாள் முன்னால், மாதம் பின்னால்.
இது எங்கள் வங்கியின் வழக்கம்.
இதை எழுதியவன் ஊரில்
மாதம்தான் முதலில் விடியும் போலிருக்கிறது.
பதின்மூன்றாம் தேதி தொடங்கி எல்லாம் சிவப்பு.
அப்படியொரு மாதமே இல்லையாம்.
அதுகூடப் பரவாயில்லை, முரண்டு பிடிப்பவை கண்ணுக்குத் தெரியும்.
முதல் பன்னிரண்டு நாளும் சத்தமில்லாமல் உள்ளே போய்
ஆண்டு முழுக்க ஐந்தாம் தேதிகளாய்ச் சிதறிக் கிடக்கின்றன.
போன வாரத்துக்கு முந்திய வாரம் தீர்ந்துபோன மீன்
டிசம்பரில் இருக்கிறது.
இன்னும் வராத ஜூலையில் தேநீர் குடித்திருக்கிறேன்.
மே ஐந்து மட்டும்
எப்படிப் புரட்டினாலும் மே ஐந்து.
அன்று போனது வீட்டுக்கடன்.
அது எங்கே தவறும்?

அழித்துவிட்டு மறுபடி.

இந்த முறை உட்கார்ந்துவிட்டது.
நான் எழுதிவைத்த விதிகள் வேலையைத் தொடங்குகின்றன.
ரயில் என்றால் போக்குவரத்து.
ஈரச்சந்தை என்றால் சமையல்.
உள்ளே வருவதெல்லாம் வருமானம்.
ஜனவரியில் தூக்கக் கலக்கத்தில் எழுதிய விதி அது.
அதனால் திருமாறன் மாதாமாதம் அனுப்பிய இருநூற்றைம்பதும்
நான்கு மாதமாய் வருமானத்தில் ஏறியிருக்கிறது.
சம்பாதித்தது இல்லையப்பா அது,
போனது திரும்பி வந்தது.
ஆயிரம் வெள்ளிக்குப் பணக்காரியாய் இருந்திருக்கிறேன்,
தெரியாமலே.

திருத்துகிறேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்.
மே மாதத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

கடைசியாக இருப்பைச் சரிபார்த்தால்
வங்கி ஒன்று சொல்கிறது, இது ஒன்று சொல்கிறது.
வித்தியாசம்: 1.40.

விட்டுவிடலாம்.
ஒரு வெள்ளி நாற்பது காசுக்கு
நள்ளிரவில் யார் விழித்திருப்பார்கள்?
விழித்திருக்கிறேன்.
காலையில் எட்டரைக்குப் பல் மருந்தகம் திறக்க வேண்டும்,
தெரிந்தும் வரி வரியாய் இறங்குகிறேன்.

அடியில், சாம்பல் நிறத்தில், ஒதுக்கிவைத்த ஒரே வரி:
நகலாக இருக்கலாம். சேர்க்கப்படவில்லை.
மே ஏழு. தோ பாயோ கோப்பிக்கடை. 1.40.
அதன் மேலேயே இன்னொன்று:
மே ஏழு. அதே கடை. 1.40.

மென்பொருளைக் குறை சொல்ல முடியாது.
வங்கி நாளைத்தான் தருகிறது, மணியைத் தருவதில்லை.
அன்று மதியம் எனக்கொரு தே ஓ கோசோங் வாங்கி
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.
இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தான்,
கிடங்குச் சட்டையோடு, அட்டைப்பெட்டித் தூசியோடு.
என்ன குடிக்கிறாய் என்றேன்.
அதே என்றான்.
சின்ன வயதிலிருந்து இருவருக்குமே சீனி பிடிக்காது.
பைக்குள் போன அவன் கை வெளியே வருவதற்குள்
என் கைபேசியை நீட்டிவிட்டேன்.

இந்த மாதம் முடியாது என்று அவன் சொல்லவில்லை.
தன் புளோக்கில் மின்தூக்கி மூன்று நாளாய் ஓடவில்லை என்றான்,
ஒன்பது மாடி ஏறுவதைப் பற்றி வெகுநேரம் பேசினான்.
நானும் மின்தூக்கியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.
கோப்பை காலியானதும் எழுந்து
இரண்டையும் தட்டு வைக்கும் இடத்தில் அவனே கொண்டுபோய் வைத்தான்.

பெட்டி ஒன்று கேட்கிறது: இவை இரண்டும் ஒன்றா?
இல்லை.
வித்தியாசம்: 0.00.

வரவேண்டியது என்று ஒரு தலைப்புத் திறந்து
இருநூற்றைம்பதை அதில் வைக்கிறேன்.
எந்தத் தேதிக்குள் என்கிறது.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் ஏற்றுக்கொள்கிறது,
இதை எழுதியவன் அவ்வளவு மோசமில்லை.

மூடுவதற்கு முன்
மே ஏழின் குறிப்பில் தட்டச்சு செய்கிறேன்:
சீனி இல்லாமல், இரண்டு.